பெரிய பையன் ஊஞ்சல் ஆடக்கூடாதா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து ராஜபாளையத்துக்கு பஸ். தூரம் என்னவோ பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். நானும் பெரியம்மா மகனும். அண்ணனுக்கு 23 வயது. ஆட்டிசம் உண்டு. பேரு போடாதடா என்று பெரியம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் அண்ணன் என்றே எழுதுகிறேன். ஊரில் அவரைவிட ஐந்து வயது சின்னப் பொடியன்கள்கூட அவரை 'அவன்', 'இவன்' என்றுதான் சொல்கிறார்கள். எனக்கு அது ரொம்ப நாளாகவே உறுத்தல். அதனால் இங்கே 'அவர்'.

பஸ் ஊரைத் தாண்டியதும் அண்ணன் முன்னும் பின்னும் ஆட ஆரம்பித்தார். சீட்டில் முதுகு 'தொம் தொம்' என்று இடிக்கும். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் எழுந்து நின்று இரண்டு குதி. பிறகு உட்கார்ந்துவிடுவார். முன் சீட்டுக்காரர் இரண்டு முறை திரும்பிப் பார்த்துவிட்டு மூன்றாவது முறை என்னிடம் கேட்டார்: "இம்புட்டுப் பெரிய பையனா இருக்கான், ஒரு எடத்துல உக்கார வைக்கத் தெரியாதா?" ஆட்டிசம்ண்ணே என்றேன். "அப்ப வீட்டுலயே வச்சிருக்க வேண்டியதுதான தம்பி" என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. இறங்கும்போது எங்கள் பையை அவர்தான் எடுத்துக் கொடுத்தார். அதனால்தான் அந்த வார்த்தை இன்னும் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. நல்ல மனுஷனே இப்படிச் சொன்னால் யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

இதே அண்ணன் ஐந்து வயதில் இதே மாதிரி குதித்தபோது பஸ்ஸில் எல்லோரும் கன்னத்தைக் கிள்ளினார்கள். ஜன்னலோர சீட் கொடுத்தார்கள். குதி மாறவில்லை. குதிக்கிற ஆளின் உயரமும் மீசையும்தான் மாறியது. ஆட்டிசம் என்றாலே குழந்தைகள் சமாச்சாரம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்தக் குழந்தைகளுக்கும் 23 வயது ஆகும் என்பதை யாரும் யோசிப்பதே இல்லை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆட்டிசம் உள்ள இளைஞர்களை 'சும்மா உட்கார்' என்று அடக்கி வைப்பது ஒழுக்கம் கற்றுக்கொடுப்பது ஆகாது. தன் உடம்பு எங்கே இருக்கிறது என்று அவர்கள் தெரிந்துகொள்ளும் வழியை அடைப்பது அது. ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

கண்ணை மூடிக்கொண்டு ஆள்காட்டி விரலால் மூக்கைத் தொடுங்கள். தொட முடிகிறது அல்லவா? விரலையும் பார்க்கவில்லை, மூக்கையும் பார்க்கவில்லை. பிறகு எப்படி? தசையிலும் தசைநாண்களிலும் மூட்டுகளிலும் இருக்கிற உணர்விகள், கை எவ்வளவு மடங்கியிருக்கிறது, தசை எவ்வளவு இழுபட்டிருக்கிறது என்று மூளைக்குத் தந்தி அடித்துக்கொண்டே இருக்கின்றன. இதற்கு ப்ரொப்ரியோசெப்ஷன் என்று பெயர். 1906-ல் சார்லஸ் ஷெரிங்டன் என்ற ஆங்கிலேய உடலியல் அறிஞர் வைத்த பெயர். நாம் உடலுணர்வு என்று வைத்துக்கொள்வோம். பள்ளிக்கூடத்தில் நமக்கு ஐம்புலன்கள் என்று சொல்லிக்கொடுத்தார்களே, அந்தக் கணக்கில் இது வரவே வராது. காதுக்குள் இருக்கிற சமநிலை உணர்வும் வராது. பசி, தாகம், ஒண்ணுக்கு முட்டுவது, நெஞ்சு படபடப்பது என்று உள்ளே நடப்பதைச் சொல்கிற உள்ளுணர்வும் வராது.

நான் மெக்கட்ரானிக்ஸ் படிக்கிறவன். எங்கள் லேபில் ஒரு ரோபோ கை இருக்கிறது. அதில் என்கோடர் வயரைக் கழற்றிவிட்டால் மோட்டார் ஓடும், ஆனால் கை எங்கே போகிறது என்று கன்ட்ரோலருக்குத் தெரியாது. மேஜையில் போய் இடிக்கும். மனிதர்களில் இதற்கு ஓர் உண்மையான ஆள் உண்டு. இயன் வாட்டர்மேன் என்ற பிரிட்டிஷ்காரர். 1971-ல், 19 வயதில், ஒரு காய்ச்சலுக்குப் பிறகு கழுத்துக்குக் கீழே தொடு உணர்வும் உடலுணர்வும் மொத்தமாகப் போய்விட்டன. தசைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எழுந்து நிற்க முடியவில்லை, ஏனென்றால் கால் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. மாதக்கணக்கில் பயிற்சி செய்து, ஒவ்வொரு உறுப்பையும் கண்ணால் பார்த்துப் பார்த்து நகர்த்தக் கற்றுக்கொண்டார். நடந்தார், வேலைக்கும் போனார். ஆனால் கரண்ட் போய் இருட்டாகிவிட்டால் அந்த இடத்திலேயே சரிந்து விழுந்துவிடுவார். ஜொனாதன் கோல் என்ற மருத்துவர் இவரைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதியிருக்கிறார்.

ஆட்டிசம் அப்படிப்பட்டது இல்லை. இங்கே வயர் அறுந்துபோகவில்லை. சிக்னல் சிலருக்குக் குறைவாகவும், சிலருக்கு அதிகமாகவும், சிலருக்கு மற்ற புலன்களோடு சேராமலும் வருகிறது போலிருக்கிறது என்பதுதான் பலரும் சொல்வது. ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் சிக்னல் மங்கலாக வந்தால் நீங்களும் நானும் என்ன செய்வோம்? கால் மரத்துப்போனால் தரையில் ஓங்கி உதைக்கிறோம் இல்லையா? சிக்னலைக் கூட்டுகிறோம். அண்ணனின் குதியை நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

இது புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. லியோ கானர் 1943-ல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய முதல் கட்டுரையிலேயே சிலருடைய நடை தடுமாற்றமாக இருந்ததைக் குறித்திருக்கிறார். அடுத்த வருடம் வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கரும் தான் பார்த்த பையன்களின் உடல் அசைவு கோணலாக இருந்ததை எழுதினார். ஆனாலும் பேச்சு, கண் பார்ப்பது, பழகுவது, இவற்றைத்தான் உலகம் பிடித்துக்கொண்டது. உடம்பை விட்டுவிட்டது. 2013-ல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் ஐந்தாம் பதிப்புக் கையேட்டில்தான் புலனுணர்வு வித்தியாசங்களே ஆட்டிசத்தின் அடையாளங்களில் சேர்ந்தன. அசைவுச் சிரமம் இன்னும் அடையாளப் பட்டியலில் கிடையாது. 2020-ல் அமெரிக்காவில் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்டிசக் குழந்தைகளின் பெற்றோர் நிரப்பிய படிவங்களை வைத்து ஒரு ஆய்வு வந்தது. அதில் ஏறக்குறைய 87 சதவீதம் பேருக்கு உடல் ஒருங்கிணைப்பில் சிக்கல் இருக்க வாய்ப்பு என்று தெரிந்தது. பிஸியோதெரபி கிடைத்தவர்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அமெரிக்காவிலேயே இந்த நிலைமை.

அண்ணனை சின்ன வயதில் எத்தனையோ இடத்துக்குக் கூட்டிப் போனார்கள். பேசுறானா, பேரு சொன்னா திரும்புறானா என்று எல்லோரும் கேட்டார்கள். படியில் எப்படி இறங்குகிறான், சட்டைப் பட்டன் போடுகிறானா என்று ஒருத்தரும் கேட்கவில்லை என்று பெரியம்மா சொல்வார்.

இதைவிட எனக்குப் பிடித்த ஆய்வு 2009-ல் வந்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் செய்தது. குழந்தைகள் ஒரு ரோபோ கையைப் பிடித்து நகர்த்தப் பழக வேண்டும் (அதனால்தான் எனக்குப் பிடித்தது என்று நீங்கள் நினைத்தால் அது சரிதான் :-) ). மற்ற குழந்தைகளைவிட ஆட்டிசம் உள்ள குழந்தைகள் கண்ணால் பார்ப்பதைக் குறைவாகவும், தன் கையின் உள் உணர்வை அதிகமாகவும் நம்பி அந்த அசைவைக் கற்றுக்கொண்டார்கள். கற்க முடியவில்லை என்பது பேச்சே இல்லை, நன்றாகவே கற்றார்கள். வழிதான் வேறு.

இதைப் படித்தபோது எனக்கு உடனே கைலி ஞாபகம் வந்தது. அண்ணனுக்குக் கைலி கட்டக் கற்றுக்கொடுக்க பெரியப்பா இரண்டு வருடம் போராடினார். எதிரே நின்று கட்டிக் காட்டுவார். "என்னயப் பாரு, பாரு" என்பார். அண்ணன் சீலிங் ஃபேனைப் பார்ப்பார். கைலி நழுவும். ஒருநாள் பொறுமை இழந்து பெரியப்பா பின்னால் போய் நின்றுகொண்டு, அண்ணன் கைகளின் மேல் தன் கைகளை வைத்து, இறுக்கி, மடித்து, சொருகினார். தினமும் குளித்ததும் அப்படியே. ஒரு மாதத்தில் அண்ணன் தனியாகக் கட்ட ஆரம்பித்துவிட்டார், அப்போதும் ஃபேனைப் பார்த்துக்கொண்டேதான். ஒரு வீட்டுக் கதை ஆராய்ச்சி ஆகாது, தெரியும். ஆனால் 'பார்த்துக் கத்துக்கோ' என்பதைத் தவிர வேறு பாடமுறையே தெரியாத நாடு நம்முடையது. அண்ணன் மக்கு இல்லை, சொல்லிக்கொடுத்த வழிதான் தப்பு என்று தெரிந்துகொள்ள அந்த வீட்டுக்கு இரண்டு வருடம் ஆனது.

இதை உள்ளிருந்து எழுதியவர்களும் இருக்கிறார்கள். டிட்டோ ராஜர்ஷி முகோபாத்யாய் 1989-ல் இந்தியாவில் பிறந்து, மைசூர், பெங்களூர்ப் பக்கம் வளர்ந்தவர். பேச்சு மிகக் குறைவு. அவருடைய முதல் புத்தகம் 2000-ல் இங்கிலாந்தில் வந்தது. தன் உடம்பு துண்டு துண்டாகச் சிதறிக் கிடப்பதுபோல் இருக்கும், கையை உதறும்போதும் சுற்றும்போதும்தான் அது ஒன்றாகச் சேரும் என்ற பொருளில் எழுதினார். அவருடைய அம்மா சோமா உருவாக்கிய கற்பிக்கும் முறையைப் பற்றிப் பெரிய சர்ச்சை உண்டு. பக்கத்தில் இருப்பவரின் தூண்டுதல்தான் எழுத்தாகிறதோ என்ற சந்தேகத்தால், 2018-ல் அமெரிக்கப் பேச்சு மொழி கேட்டல் சங்கம் அந்த முறையைப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. அதையும் சொல்லாமல் டிட்டோவை மட்டும் சொல்வது நேர்மை இல்லை. ஆனால் இந்த மாதிரி சொன்னவர் அவர் ஒருவர் இல்லை. டெம்பிள் கிராண்டின் நன்றாகப் பேசுகிறவர், கால்நடை அறிவியல் பேராசிரியர். பதின்ம வயதில் அத்தையின் பண்ணையில், மாடுகளை ஊசி போடுவதற்காக இரு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் சட்டத்தைப் பார்த்தார். அழுத்தியதும் மாடுகள் அமைதியாவதைக் கவனித்து, தனக்கென்று அதேபோல் ஒன்றைப் பலகைகளால் செய்துகொண்டார். உள்ளே படுத்து அழுத்தம் கொடுத்துக்கொண்டால் பதற்றம் அடங்கும் என்று பல வருடங்கள் சொல்லி வந்தார்.

நமக்குப் பக்கத்திலேயே ஒரு பெயர் இருக்கிறது. ஜியா ராய். கடற்படை வீரரின் மகள், ஆட்டிசம் உள்ளவர், நீச்சல் முதலில் ஒரு தெரபியாகத்தான் ஆரம்பித்தது. 2022 மார்ச் 20 அன்று, 13 வயதில், தலைமன்னாரிலிருந்து அரிச்சல்முனை வரை பாக் நீரிணையின் 29 கிலோமீட்டரை 13 மணி 10 நிமிடத்தில் நீந்தி வந்தார். தனுஷ்கோடிக் கரையில் ஏறினார் அந்தப் பெண்! 2024-ல் இங்கிலீஷ் கால்வாயையும் நீந்திக் கடந்தார். எல்லா ஆட்டிசப் பிள்ளைகளும் கடல் தாண்டுவார்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை, அந்த மாதிரி சாதனைக் கதைகள் எனக்கே அலுப்பு. தண்ணீரை யோசித்துப் பாருங்கள். கழுத்துவரை எல்லாப் பக்கமும் ஒரே சீராக அழுத்துகிறது. கை எங்கே, கால் எங்கே என்று ஒவ்வொரு வீச்சிலும் பதில் சொல்கிறது. 'சும்மா இரு' என்று மட்டும் சொல்வதில்லை.

இப்போது நம் ஊர். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் வந்தது, அதில் ஆட்டிசமும் உண்டு. குறைபாடு 40 சதவீதத்துக்குக் குறையாத பிள்ளைகளுக்கு இலவசக் கல்வி உரிமை 6 வயது முதல் 18 வயது வரை. 18-க்குப் பிறகு? 1999-ம் வருட தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி கலெக்டர் இருக்கும் குழுவிடம் போய்ப் பாதுகாவலர் சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம். பேப்பர் கிடைக்கும். காலையில் எழுந்து அந்தப் பிள்ளை எங்கே போவது என்பதற்கு அந்தப் பேப்பரில் பதில் இல்லை. முட்டுக்காட்டில் மத்திய அரசின் தேசிய நிறுவனம் 2005 முதல் இருக்கிறது, ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து 500 கிலோமீட்டருக்கு மேல். 2011 சென்சஸ் படிவத்தில் ஆட்டிசத்துக்கு என்று தனிக் கட்டமே கிடையாது. அண்ணன் போய்க்கொண்டிருந்த ஒரு பள்ளியில் 18 முடிந்ததும் 'இனிமே ஆள் பெருசாயிட்டான், பிள்ளைகளோட வச்சுக்க முடியாது' என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் கஷ்டமும் புரிகிறது. அதன்பிறகு அண்ணனின் உலகம் ஒரு அறை, ஒரு டிவி, ஒரு செல்போன். மூன்று வருடத்தில் 20 கிலோ ஏறினார். ஆடுவது, தலையில் அடித்துக்கொள்வது எல்லாம் அப்போதுதான் அதிகமானது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரண்டு வருடம் முன்பு அண்ணன் ஒரு வாரமாக வலது காதில் அடித்துக்கொண்டே இருந்தார். ஒரு டாக்டர் 'ஆட்டிசம்னா அப்படித்தான்' என்று தூக்கத்துக்கு மாத்திரை கொடுத்தார். பெரியம்மாவுக்கு மனசு கேட்காமல் வேறு ஒருவரிடம் கூட்டிப் போனால், காதுக்குள் சீழ். வலி எங்கே என்று காட்டத் தெரியாத ஆளிடம் ஆட்டமும் அடியும்தான் பேச்சு. அதை நிறுத்துவதற்கு மாத்திரை கொடுத்தால் அந்தப் பேச்சும் போய்விடுகிறது.

சரி, என்னதான் செய்ய வேண்டும் என்கிறாய் என்று கேட்பீர்கள். ஆயிரக்கணக்கில் விலை போட்டு இறக்குமதி எடைப் போர்வை, தெரபி பந்து என்று விற்கிறார்களே, அதை வாங்கச் சொல்லவில்லை. எடைப் போர்வையால் தூக்கம் கூடுகிறதா என்று 2014-ல் இங்கிலாந்தில் குழந்தைகளிடம் சோதித்துப் பார்த்தார்கள். தூக்கம் கூடவில்லை. ஆனால் குழந்தைகளுக்கும் பெற்றோருக்கும் அந்தப் போர்வைதான் பிடித்திருந்தது. அவ்வளவுதான் ஆதாரம். ஈரானில் 30 குழந்தைகளை வைத்து 14 வாரம் கராத்தே கதா பழக்கிப் பார்த்த ஆய்வில், திரும்பத் திரும்பச் செய்யும் அசைவுகள் நன்றாகவே குறைந்தன என்று 2012-ல் எழுதினார்கள். அசைவு குறைவதுதான் வெற்றியா என்பதில் எனக்குச் சம்மதம் இல்லை. உடம்புக்கு வேண்டியது கிடைத்துவிட்டால் தேடுவது தானாகக் குறையும், அதை நான் ஒத்துக்கொள்கிறேன். இதெல்லாம் குழந்தைகளிடம் செய்த ஆய்வுகள் என்பதையும் கவனியுங்கள். இருபது வயது ஆட்களைப் பற்றித் தேடினால் கிடைப்பது கொஞ்சம்தான்.

பளு தூக்குவது, தள்ளுவது, இழுப்பது, ஏறுவது. தெரபிக்காரர்கள் இதை 'ஹெவி வொர்க்' என்கிறார்கள். நம் ஊரில் அதற்குப் பெயர் வேலை! ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுகிறவரின் தோளைப் பார்த்திருக்கிறீர்களா? பால் இறுக இறுகத் துடுப்பு கனக்கும். (அடுப்புப் பக்கம் நிறுத்துங்கள் என்று சொல்லவில்லை, பயப்படாதீர்கள்.) சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி ஓடுகிற தறிச் செட்டுகளில் துணிக்கட்டு சுமப்பது, பாவு தள்ளுவது. சிலம்பம். ஆடிப்பூரத்துக்குத் தேர் வடம் பிடிப்பது. ஆயிரம் பேரோடு சேர்ந்து, உள்ளங்கை எரிய எரிய இழுப்பதைவிடப் பெரிய உடலுணர்வு என்ன இருக்கிறது? ஆனால் அண்ணனால் அந்த மேளச் சத்தத்தைத் தாங்க முடியாது. போன முறை காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பொருந்துவது பொருந்தும், பொருந்தாதது பொருந்தாது. ஆட்டிசம் என்றாலே தறிக்கு அனுப்பு, மூட்டை தூக்க விடு என்று யாராவது இதை எடுத்துக்கொண்டால் அது அநியாயம். பிடித்தால் செய்யட்டும், செய்தால் கூலி கொடுங்கள்.

ஆபத்து இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. நம் பக்கம் எங்கு பார்த்தாலும் கிணறு. ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் சாவதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று தண்ணீரில் மூழ்குவது என்று அமெரிக்க ஆய்வுகள் சொல்கின்றன. அதனால்தான் பூட்டி வைக்கிறோம் என்பார்கள். நான் அதனால்தான் நீச்சல் கற்றுக்கொடுங்கள் என்பேன். கதவு என்றாவது ஒருநாள் திறந்து கிடக்கும்.

தலைப்புக்கு வருகிறேன். ராஜபாளையத்தில் ஒரு பூங்கா. ஊஞ்சல் பக்கத்தில் பலகை: 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும். சங்கிலி தாங்காது என்று வாட்ச்மேன் சொன்னார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் தாங்குகிற சங்கிலி கடையில் கிடைக்கத்தானே செய்கிறது? கோவிலில் சாமிக்கே ஊஞ்சல் உற்சவம் நடத்துகிறோம். கல்யாணத்தில் மாப்பிள்ளையையும் பெண்ணையும் ஊஞ்சலில் வைத்து ஆட்டுகிறோம். பழைய வீடுகளில் தாத்தாக்கள் மத்தியானம் முழுக்க ஊஞ்சலில்தான் இருந்தார்கள். பெரியவர்கள் ஆடுவது நமக்கு ஒன்றும் புதுசு இல்லை. மீசை வைத்த ஒருவர் காரணமே சொல்லாமல் ஆடினால்தான் நமக்குக் கூச்சமாக இருக்கிறது. ஒவ்வொரு நகராட்சிப் பூங்காவிலும் பெரியவர் எடை தாங்குகிற ஒரே ஒரு ஊஞ்சல், பலகை இல்லாமல். நான் கேட்பது அவ்வளவுதான். மனு எழுதி வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட வகுப்பில் யார் யார் வருகிறீர்கள்?

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் மாமாவின் தறிச் செட்டுக்கு அண்ணனைக் கூட்டிப் போகிறேன். அன்றைக்குத் தறி ஓடாது, சத்தம் இருக்காது. துணிக்கட்டுகளை உள்ளே இருந்து வாசல் வண்டிக்குக் கொண்டுபோக வேண்டும். முதல் நாள் நான்கு கட்டு, போன வாரம் பதினொன்று. மாமா சம்பளத்தைக் கையில் கொடுக்கிறார், அண்ணன் அதைப் பெரியம்மாவிடம் கொடுக்காமல் பஸ் ஸ்டாண்டில் முறுக்கு வாங்குகிறார். திரும்பி வரும் பஸ்ஸிலும் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் இரண்டு குதி உண்டு. ஞாயிறு சாயங்காலம் அஞ்சரை வாக்கில், தென்காசியிலிருந்து மதுரை போகிற பஸ்ஸில் நீங்கள் ஏறினால், பின் படிக்கட்டுக்கு முந்தின சீட்டில் நாங்கள் இருப்போம். ஜன்னலோரம் அண்ணனுக்கு. அவருக்கு முன் சீட் காலியாக இருந்தால் உட்காருங்கள், முதுகில் கொஞ்சம் இடிக்கும்.